வெறுஞ்சீட்டு

தையலக்கா கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த மூன்று வாரத்தில் அவள் மனசுக்குள் ஓடியதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினால், படிப்பவர்கள் அவளைப் பற்றி வேறு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

மகள் முதல் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்டும் வேலை அவளுடையது. யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் கூட்டத்தில் பெரிய டீச்சர் “யாராவது முன்வந்தா நல்லது” என்று இழுத்தபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இவள் எழுந்து நின்றாள். அன்றிலிருந்து நாலு வருடமாக உட்காரவே இல்லை.

மாதத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டாள். ஒரு மாதம் சோப்பு. ஒரு மாதம் மெழுகுவர்த்தி. ஒரு மாதம் துணிப்பை, அதை அவளே தைத்துவிடுவாள், வீட்டுக்கு இருபது பை விற்றுத் தர வேண்டும். அப்புறம் கேக், காலண்டர், குலுக்கல் சீட்டு. விற்பவர்களும் பெற்றோர்கள்தான், வாங்குபவர்களும் பெற்றோர்கள்தான் என்பதால் ஒரே சோப்பு மூன்று வீடு சுற்றி முதல் வீட்டுக்கே திரும்பி வந்த கதையும் உண்டு. ஆனாலும் தண்ணீர்த் தொட்டி வந்தது, பெஞ்சுகள் வந்தன, புத்தக அலமாரி வந்தது. அவளுக்குக் களைப்பு என்பதே தெரியாது. அடுத்தவர்களுக்கு இருக்கும் என்று தோன்றியதும் இல்லை. அவள் தலை தெருமுனையில் தெரிந்தால் தெருவே அமைதியாகிவிடும். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

இந்த வருடம் மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அதுதான் கடைசி வகுப்பு. பிள்ளைகள் சாப்பிடும் கொட்டகைக்குக் கூரை சரியில்லை, மழை பெய்தால் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். அந்தக் கூரையைப் போட்டுவிட்டு, எல்லோரும் பார்க்க நிமிர்ந்து வெளியே வர வேண்டும் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் கண்டக்டர் வந்து விழுந்தாள்.

கண்டக்டர் என்றால் பஸ் கண்டக்டரேதான். அவள் பெண் இரண்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தது. வருடத்தின் முதல் கூட்டத்துக்கு டூட்டி முடிந்து யூனிபாரத்தோடே வந்தாள், தோளில் தோல்பை தொங்க. தையலக்கா பன்னிரண்டு மாதத் திட்டத்தை வாசித்து முடித்ததும் கையைத் தூக்கினாள்.

“பெரிய டீச்சர், நான் ஒண்ணு கேட்கலாமா? எங்க பஸ்ல டிக்கெட் எடுத்த ஆளுகிட்டப் போய் மறுபடியும் டிக்கெட்டுன்னு கை நீட்டுனா என்ன ஆகும்?”

“அடிக்க வருவாங்க” என்றது பின்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல்.

“ரெண்டாவது தடவைன்னா அடிக்க வருவாங்க. பன்னெண்டு தடவைன்னா பஸ்ஸை விட்டே இறங்கிடுவாங்க. நாம எல்லாரும் எப்பவோ இறங்கியாச்சு. பள்ளிக்கூடமாச்சேன்னு வெளியே சொல்லலை, அவ்வளவுதான்.”

கூட்டம் சிரித்தது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் பேக்கரிக்காரியும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். தையலக்காவின் மகளும் பேக்கரிக்காரியின் மகளும் ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்தவர்கள். அந்த முதல் நாளில் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, இரண்டு அம்மாக்களும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுது, பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்து, அப்படித்தான் சிநேகிதம் ஆனார்கள். அந்தச் சிரிப்பை இன்னொருத்தி பேச்சுக்கு அவள் செலவழித்ததைத்தான் தையலக்காவால் பொறுக்க முடியவில்லை.

கண்டக்டர் தன் யோசனையைச் சொன்னாள். வருடத்துக்கு ஒரே ஒரு நாள். ஒரு சனிக்கிழமை, மைதானத்தில் சாப்பாடு, விளையாட்டு, பழைய சாமான் விற்பனை. வீட்டுக்கு ஒரு சீட்டு. அரை மணி நேர வேலையோ, ஒரு பொருளோ, எது முடியுமோ அதை எழுதித் தந்தால் போதும். தந்தவர்களை அப்புறம் யாரும் எதற்கும் கேட்கக் கூடாது.

“ஒண்ணுமே முடியாதவங்க சீட்டை வெறுமையா மடிச்சுக் கொடுத்துடலாம். அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டக் கூடாது. ஏன் முடியலைன்னும் கேட்கக் கூடாது. சீட்டை நான் மட்டும்தான் பார்ப்பேன்.”

“அப்படின்னா எல்லாருமே வெறுஞ்சீட்டுத்தான் தருவாங்க” என்றாள் தையலக்கா. “நாலு வருஷமா எனக்குத் தெரியாத ஜனங்களா?”

“இருக்கட்டும்க்கா. முடியாதுன்னு சொல்ல ஒரு வழியாவது இருக்கட்டுமே.”

சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். பேக்கரிக்காரியின் கை கொஞ்சம் தயங்கியது, ஆனால் உயர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த தையலக்கா அந்தச் சீட்டைத் தையல் மிஷின் மேல் வைத்து வெகுநேரம் முறைத்தாள். மஞ்சள் காகிதம், அவள் உள்ளங்கை அகலம்கூட இல்லை. மேலே மகளின் பெயரையும் வகுப்பையும் எழுதினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. நாலாய் மடித்து மகளிடம் கொடுத்தனுப்பினாள்.

அவள் மனசில் இருந்தது இதுதான்: அறுபது மேசைக்கு விரிப்பு வேண்டும், வெயிலுக்கு மறைப்புத் துணி வேண்டும், அதை யார் தைப்பார்கள்? எந்தக் கடைக்காரன் எதைக் குறைந்த விலைக்குத் தருவான் என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கண்டக்டர் விசிலடித்தால் மேசை வந்து நிற்குமா? வரட்டும். வாசலில் வந்து நிற்கட்டும். “அக்கா, நீங்க இல்லாம நடக்காது” என்று அந்த வாயால் சொல்லட்டும். அப்போது என்ன பதில் சொல்வது என்பதைக்கூட, யாரோ ஒருவருடைய பேண்ட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டே, மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்தாள்.

யாரும் வரவில்லை.

முதல் வாரம் மழை. மழையால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது வாரம் வெயில் அடித்தது. தெருவில் அம்மாக்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். ஜன்னலுக்கு நேராக வரும்போது, “நல்லாயிருக்கீங்களா அக்கா?” என்று கேட்டு, நின்று, மகளை விசாரித்துவிட்டுப் போனார்கள். இத்தனை வருடமாக அந்த ஜன்னலைக் குனிந்துகொண்டு கடந்தவர்கள். தன்னிடம் இனி எதுவும் இல்லை என்று தெரிந்துதான் தைரியமாக நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பதிலுக்கு ஊசியில் நூல் கோப்பதுபோலப் பாவனை செய்தாள்.

ஒருநாள் ரொட்டி வாங்கும் சாக்கில் பேக்கரிக்குப் போனாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு ரொட்டி இருந்தது. கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு உண்டு. அது தையலக்காவின் இடம், முன்பெல்லாம். இப்போது அதில் கண்டக்டர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் பிடி உடைந்த அந்த நீலக் கோப்பையில். விருந்தாளிக்கு யாரும் உடைந்த கோப்பையில் டீ கொடுப்பதில்லை. நெருங்கினவர்களுக்குத்தான் கொடுப்பார்கள்.

“வா, வா. டீ போடவா?” என்றாள் பேக்கரிக்காரி, கையில் ஒட்டிய மாவை உதறிக்கொண்டே.

“வேண்டாம். வேலை கிடக்கு. ஒரு ரொட்டி கொடு.” பிறகு யாரையும் பார்க்காமல், “எல்லாம் எப்படிப் போகுது? ஆள் கிடைச்சாங்களா?” என்றாள்.

“கிடைச்சிருக்காங்கக்கா” என்றாள் கண்டக்டர், டீயை வைத்துவிட்டு எழுந்து நின்று. “நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க.”

“எனக்கென்ன கவலை. மேசை விரிப்பு?”

“காகிதம் விரிக்கிறோம். சாப்பிட்டதும் சுருட்டிப் போட்டுடலாம், துவைக்கிற வேலை இல்லை.”

“காகிதம்” என்றாள் தையலக்கா. ரொட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் இருவரும் ஏதோ பேசித் தணிந்த குரலில் சிரித்ததுபோல இருந்தது. சிரிக்கவே இல்லையோ என்னவோ. காதில் கேட்டதென்னவோ சிரிப்புத்தான்.

வீட்டில் எரிச்சலையெல்லாம் உருளைக்கிழங்கின் மேல் காட்டினாள். பாதிக் கிழங்கு தோலோடு போனது. மகள் தட்டைப் பார்த்துவிட்டு, “அம்மா, நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது” என்றாள்.

“சொல்லு.”

“இந்த வருஷம் கிளாஸ்ல எல்லாரும் என்கூட விளையாடுறாங்க.”

“முன்னாடி விளையாடலையா?”

“விளையாடுவாங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் வர மாட்டாங்க. வந்தா நீ சோப்பு கொடுத்து அனுப்புவியாம்.”

தையலக்கா திட்டவில்லை. ஆனால் அன்று தைத்த சட்டைக்குக் கை மாறிப்போய், பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை வந்தது. காலை ஏழு மணிக்கே அவள் புருஷன் கருவிப் பையை எடுத்து வைத்தான். குழாய் வேலை பார்ப்பவன். அதிகம் பேசாதவன். விற்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கும் மெழுகுவர்த்திகளில் ஒன்றை எடுத்து, திருகாணிகளில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“சனிக்கிழமை எங்க வேலை?” என்றாள்.

“பள்ளிக்கூடத்துல. தட்டு கழுவுற இடத்துல ரெண்டு குழாய் கூடுதலா வச்சேன். ஒண்ணு கசியுது.”

“வச்சீங்களா? எப்ப?”

“புதன்கிழமை.”

“யார் கேட்டா?”

“யாரும் கேட்கலை. சீட்டுல எழுதினேன்.”

“நம்ம வீட்டுச் சீட்டை நான்ல கொடுத்தேன்!”

“பாப்பாகிட்டச் சொல்லி இன்னொண்ணு வாங்கினேன்.” அவன் மெழுகைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

தையலக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “நாலு வருஷமாக் கூப்பிட்டேன். ஒரு பெட்டியைத் தூக்கி வைக்க வந்திருப்பீங்களா? முதுகு வலி, கால் வலி, அந்த வேலை, இந்த வேலை. இப்ப யாரோ ஒருத்தி மஞ்சக் காகிதத்தை நீட்டினதும் முதுகு நிமிர்ந்துடுச்சா?”

“நீ கூப்பிடலையே” என்றான் அவன்.

“கூப்பிடலையா?”

“பெட்டியைத் தூக்குங்கன்னு சொன்னே. முடியுமான்னு கேட்டதில்லை. எனக்குக் குழாய்தான் தெரியும். குழாய் வேலை இருக்குன்னு நீ ஒருநாளும் சொல்லலை. சோப்புதான் கொடுத்தே.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. பேசி முடித்ததும் அவனே கொஞ்சம் பயந்ததுபோல, பையை எடுத்துக்கொண்டு மகளோடு கிளம்பிவிட்டான்.

பதினோரு மணி வரைக்கும் தையலக்கா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தெரு தள்ளியிருந்தும் மைதானத்துச் சத்தம் நன்றாகக் கேட்டது. மழை கொட்டட்டும் என்று நினைத்தாள். வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. மகள் தொப்பியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். பாவம் வெயிலில் சுற்றுமே என்று சொல்லிக்கொண்டு தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். அப்படியே தலையையும் சீவி, நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

அவள் எதிர்பார்த்து வந்தது குளறுபடியை. கண்டதோ வேறு. வேலை செய்கிற யாரும் ஓடவில்லை. ஒருத்தர் அரை மணி நேரம் பரிமாறிவிட்டுக் கரண்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். குலுக்கல் சீட்டு என்றால் காத தூரம் ஓடும் மூக்குக்கண்ணாடிக்கார அப்பா ஒருவர் பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டப்பந்தயம் நடத்திக்கொண்டிருந்தார். மேசை மேல் காகிதம் விரித்திருந்தார்கள். ஓரமாகப் போய் அதைத் தொட்டுப் பார்த்தாள். மட்டமான காகிதம். ஆனால் எடுபட்டுவிட்டது.

“அக்கா, உட்காருங்க, உட்காருங்க!” என்று இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “நீங்க இன்னிக்கு ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாது. கண்டக்டரக்கா சொல்லியிருக்காங்க.”

“என்ன சொல்லியிருக்கா?”

“நாலு வருஷம் நீங்க தனியா இழுத்தீங்க, இந்த வருஷம் உங்களை யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு.”

ஒரு தட்டில் கேக்கும் ஒரு டம்ளர் பழச்சாறும் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். நடு மைதானத்தில், பார்க்க வந்த மாமியார் மாதிரி, அவள் நாற்காலியில் இருந்தாள். அதைவிட யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை. தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டுக்குப் போனாள். அங்கே கண்டக்டர் வருகிறவர்களுக்கு நுழைவுச்சீட்டு கிழித்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை வெறுஞ்சீட்டு வந்துச்சு?”

“அதைச் சொல்லக் கூடாதுக்கா.”

“பேரைக் கேட்கலை. எத்தனைன்னுதான் கேட்டேன்.”

கண்டக்டர் கையிலிருந்த சீட்டுக்கட்டைப் பார்த்தாள். வந்தவருக்கு ஒன்றைக் கிழித்துக் கொடுத்து உள்ளே அனுப்பினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “ஒண்ணுதான்க்கா.”

நூற்றுச் சொச்சம் வீடுகள். எல்லோரும் வெறுமையாகத் தருவார்கள் என்று சபையில் சொன்னவளுடைய சீட்டு மட்டும்தான் வெறுமை.

“நான் யார்கிட்டயும் சீட்டைப் பத்திச் சொல்லலைக்கா. பாவம், ரொம்பக் களைச்சுட்டாங்க, உட்காரட்டும்னு நினைச்சேன். பேக்கரி அக்கா உங்களை வந்து கூப்பிடுறேன்னாங்க. நான்தான் வேண்டாம்னு தடுத்தேன்.”

“களைப்பாவது ஒண்ணாவது” என்றாள் தையலக்கா. குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. “நீ என் வாசல்ல வந்து கெஞ்சணும்னுதான் அப்படிக் கொடுத்தேன். உன்னைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியுது. மூணு வாரமா எரியுது.”

கண்டக்டர் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

“கெஞ்சியிருப்பேன்க்கா. விதி போட்ட நானே மீறக் கூடாதேன்னு இருந்துட்டேன். இப்பவும் நான் உங்களைக் கேட்க முடியாது. நீங்களா சொன்னாத்தான் உண்டு.”

நாலு வருடமாக எத்தனை கதவு, எத்தனை முகம், எதற்கும் அவள் கூசியதில்லை. இப்போது ஒரே ஒரு வாக்கியத்துக்குக் கூசினாள்.

“ஏதாவது வேலை இருந்தா கொடு” என்றாள் கடைசியில்.

“தட்டு கழுவுற இடத்துல ஒரு ஆள் வரலை. பிள்ளைக்குக் காய்ச்சலாம். அரை மணி நேரம்தான்.”

புதுக் குழாய் இரண்டும் கசியாமல் நன்றாக ஓடின. தையலக்கா பேயாகக் கழுவினாள். முதல் பத்து நிமிஷம் கோபத்தில் கழுவினாள், அடுத்த பத்து நிமிஷம் வெட்கத்தில். அதற்கப்புறம் தட்டுகள் மட்டும்தான் இருந்தன. கை பழகிவிட்ட நேரத்தில் பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டினார்கள்.

“நகரு. இது என் நேரம்” என்றாள் பேக்கரிக்காரி.

பேக்கரிக்காரி அரை மணி நேரம் தர ஒத்துக்கொண்டது தட்டு கழுவ. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவள், வேலை முடித்துவிட்டு ஐந்து நிமிஷம் முன்னாடியே வந்து நிற்கிறாள். என் காலத்தில் இவள் இப்படி வந்திருப்பாளா என்று தையலக்காவுக்கு மறுபடியும் சுருக்கென்றது. கையை உதறிவிட்டு ஒதுங்கினாள்.

“எங்க போறே? நில்லேன்டி. நான் தனியா நிக்கணும். பேச்சுத்துணைக்கு நில்லு.”

டி என்று அவள் கூப்பிட்டே வெகுகாலம் ஆகியிருந்தது. தையலக்கா நின்றாள். ஆனால் என்ன பேசுவது? இவளிடம் பேசிய பேச்சையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். எத்தனை கேக், எந்தத் தேதி, எந்த அளவு. வேறு ஏதாவது அகப்படுமா என்று துழாவியதில் ஒன்று அகப்பட்டது.

“உங்கம்மா எப்படி இருக்காங்க? இன்னும் உங்க அண்ணன் வீட்லதானா?”

பேக்கரிக்காரி ஒரு தட்டை அலசி, சாய்த்து வைத்தாள்.

“அம்மா போயிட்டாங்களே.”

“எங்க?”

பேக்கரிக்காரி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தையலக்காவுக்கு விளங்கிவிட்டது.

“எப்பம்மா?”

“எட்டு மாசம் ஆச்சு. அண்ணன் ஊர்லயே. நாலு நாள் கடையைப் பூட்டிட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து ஷட்டரைத் தூக்குறேன், நீ வந்து நிக்கிறே.”

“நானா?”

“கேக் நாப்பது வேணும்னே. கடை பூட்டியிருந்ததால எல்லாம் தள்ளிப்போச்சுன்னு சடைச்சுக்கிட்டே. போட்டுக் கொடுத்தேன். அந்தத் தடவை கேக் நல்லா வந்திருந்துச்சு.”

தையலக்காவுக்கு ஞாபகம் இருந்தது. நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு துண்டு மிச்சமில்லாமல் விற்றுத் தீர்ந்த கேக் அது. பெரிய டீச்சர் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ அதுக்குள்ள நோட்டைத் தொறந்து எழுத ஆரம்பிச்சிட்டே.”

அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று தையலக்காவுக்குத் தெரியும். ஆனால் வாயில் முதலில் வந்தது அது இல்லை. வந்த பிறகு வெட்கப்பட்டாள். இருந்தாலும் வந்துவிட்டது.

“கண்டக்டருக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் பேக்கரிக்காரி. “அப்பவே டூட்டிக்குப் போறப்ப தினம் ரொட்டி வாங்குறவ. அவ கேட்டா. நாலு நாளா கடை பூட்டியிருந்துச்சே, ஏன்னு. அவ்வளவுதான் கேட்டா.”

மூன்று வாரமாக எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, எரிச்சல் என்றால் இதுதான். குறை சொல்ல யாரும் இல்லாத எரிச்சல். கண்டக்டர் எதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை. இவள் எட்டு மாதமாக எடுக்காமல் போட்டு வைத்திருந்ததைத்தான் குனிந்து எடுத்திருக்கிறாள். தையலக்கா துடைக்கும் துணியை எடுத்தாள். சாய்த்து வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

“என்ன ஆச்சு அம்மாவுக்கு? முதல்லேர்ந்து சொல்லு.”

“இப்பவா? இத்தனை தட்டு கிடக்கு.”

“இப்பவே சொல்லு.”

பேக்கரிக்காரி குழாயைக் கொஞ்சம் குறைத்தாள், பேச்சு கேட்கட்டும் என்று. அண்ணன் போன் செய்ததிலிருந்து ஆரம்பித்தாள். இடம் கிடைக்காமல் பஸ்ஸில் நின்றுகொண்டே போனது, வழியெல்லாம் கையில் மாவு ஒட்டியிருந்ததை ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. தையலக்கா குறுக்கே பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து, அடுத்த முறைக்கு எழுதிக் கொடுத்திருந்தவள் வந்து நின்று, “அக்கா, என் நேரம் வந்துடுச்சு” என்றாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேக்கரிக்காரி தன் கதையில் இன்னும் ஆஸ்பத்திரி வாசலையே தாண்டியிருக்கவில்லை.